எழுதாத பில்லுக்குக் கையெழுத்து இல்லை

அத்தியாயம் 14

நூறு தாள் பில் புத்தகம். அறுபத்து மூன்று வரை எழுதியாகிவிட்டது. மிச்சம் முப்பத்தேழு தாளில் தேதி இல்லை, பெயர் இல்லை, தொகை இல்லை. ஆனால் ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘சா. சின்னம்மாள், தலைவி’ என்று கையெழுத்து மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதோடு போயிற்றா? நாற்பத்தொன்று முதல் ஐம்பது வரை பத்துத் தாள்களை, கீழே இருக்கும் நகல் தாள்களோடு சேர்த்து, காணவே காணோம்!

போன வாரம் இந்த இடத்தில்தான் இசைப்பிரியாவைத் திகைத்துப்போய் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக நின்றால் கால் கடுக்காதா? உட்காரச் சொல்வோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நெய்வேலி டவுன்ஷிப்பின் மதில் முடிகிற இடத்தில் இருக்கும் காலனியில் கதிர் மகளிர் சங்கம் என்று ஒன்று உண்டு. பன்னிரண்டு பெண்கள். எல்லாரும் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் நடவும் களையெடுப்புமாகக் கிடந்தவர்கள். நிலம் சுரங்கத்துக்குப் போனபோது பட்டா வைத்திருந்தவர்களுக்குப் பணம் வந்தது. இவர்களுக்கு வேலை போனதுதான் மிச்சம். அப்புறம் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அடுப்பு மூட்டி, டவுன்ஷிப் விசேஷங்களுக்குச் சாப்பாடு செய்து கொடுக்கத் தொடங்கினார்கள்.

சங்கத்தின் தலைவி சின்னம்மாள். பண்ருட்டியில் பி.காம். முடித்த மருமகள் இசைப்பிரியா செயலாளராகிப் பத்து நாள்தான் ஆகிறது. முன்பு செயலாளராக இருந்த பார்வதி, மகள் பிரசவத்துக்கு மேல்பட்டாம்பாக்கம் புறப்பட்டபோது, “நீயே பாத்துக்க புள்ள” என்று புத்தகத்தையும் சங்கத்தில் தன் இடத்தையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் புத்தகம்தான் இப்போது இசைப்பிரியாவின் மடியில் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை. சின்னம்மாள் அடுப்படியில் கேழ்வரகுக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள்.

“அத்தை, இது யாரு போட்ட கையெழுத்து?”

சின்னம்மாள் எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. “நாந்தான். ஏன், நல்லாத்தான இருக்குது?”

“நூறுலயுமா?”

“ஆமா. மார்கழில ஒரு ஞாயித்துக்கெழம முழுக்க ஒக்காந்துகினு போட்டன். ஒவ்வொரு பில்லுக்கும் பார்வதி என்னத் தேடிகினு முந்திரிக் கொட்ட ஒடைக்கிற எடத்துக்கு ஓடியாருவா. பாவமா இருந்துது. ஒரே மூச்சா போட்டுக் குடுத்துட்டன். கடசி பத்து கொஞ்சம் கோணிகினு போச்சு. கை வலி.”

இசைப்பிரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சின்னம்மாள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது முப்பத்தைந்து வயதுக்கு மேல், சாயங்கால வகுப்பில். அதுவரைக்கும் கட்டைவிரல்தான். கற்றுக்கொண்ட நாளிலிருந்து மை டப்பாவைக் கண்டால் அவளுக்கு ஆகாது. யாராவது டப்பாவை நீட்டினால் போதும், “ஏன், எங்கிட்ட பேனா குடுத்தா தேஞ்சிடுமா?” என்று ஒரு பிடி பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் நூறு தாளில் கையெழுத்துப் போட்டது சோம்பலால் அல்ல, ஆசையால்தான். அது மருமகளுக்கும் தெரியும்.

“சரி, நடுவுல பத்து தாள் எங்க?”

“அதுவா? பொங்கல் விழாவுக்கு சாப்பாடு எறக்கனோம்ல, அப்ப கருணாகரன் சார் வாங்கிகினாரு. ‘ஒங்களுக்கு எதுக்கும்மா சிரமம், நானே எழுதிக்கிறேன்’னாரு. அம்மாம் பெரிய மனுசன் வாய் தொறந்து கேக்கறாரு, இல்லன்னா சொல்றது?”

கருணாகரன், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ்காரர்கள் நடத்தும் தென்றல் மனமகிழ் மன்றத்தின் பொருளாளர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. சங்கத்துக்கு வரும் ஆர்டரில் பாதி அந்த மன்றத்திலிருந்துதான் வருகிறது.

“அத்தை, எழுதாத தாள்ல நீ கையெழுத்து போட்டுக் குடுத்தா, அவரு அதுல என்ன எழுதுனாலும் நீ சொன்ன மாரிதான். நூறு சாப்பாட்ட ஐநூறுன்னு எழுதலாம். குடுக்காத சாப்பாட்டக் குடுத்ததா எழுதலாம். நாளைக்கு ஒருத்தன் கேட்டா அவரு கைய விரிச்சிகினு போயிடுவாரு. யாரப் புடிப்பாங்க தெரியுமா?”

கரண்டி நின்றது. “என்னையா?”

“அடியில யாரு பேரு இருக்குது?”

கூழ் அடிப்பிடித்து வாசம் வந்த பிறகுதான் சின்னம்மாளுக்கு அடுப்பு ஞாபகம் வந்தது.

“இன்னைக்குப் பதினோரு மணிக்கு சங்கத்துல கூட்டம் போடறன். இனிமே பில்லு எப்பிடிப் போடணும், யாரு போடணும், எல்லாத்தையும் தீர்மானமா எழுதிடலாம். நீதான் தலைவி. நீதான் முன்மொழியணும்” என்றாள் இசைப்பிரியா.

“எந்தத் தீர்மானமும் வேணாம்.”

சொன்னது கார்முகில். சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன், ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். சின்னம்மாளுக்கு ஒரே பிள்ளை. இசைப்பிரியாவுக்கு மாமன் மகன், மணந்து மூன்று வருஷம் ஆகிறது.

“பதினஞ்சு நாள் இசை. பதினஞ்சே நாள் பொறுத்துக்க. முப்பத்தொண்ணாந்தேதியோட என் கேட் பாஸ் முடியுது. புதுசு போட எங்க கான்ட்ராக்ட்டுல பேரு எழுதிக் குடுக்கறது யாரு? சூப்பர்வைசர் அசோக்குமாரு. அந்தாளு யாரு? கருணாகரன் சாரோட மச்சினன். இப்பப் போயி அவருகிட்ட மல்லுக்கு நிக்கணுமா?”

“மாமா, நான் மல்லுக்கு நிக்கல. பில்லப் பத்திதான்...”

“எட்டு வருசம்! எட்டு வருசமா கான்ட்ராக்ட்டுல கெடந்து, ஒரு நாள் பிரேக் உடாம வந்துகினு இருக்கறன். சீனியாரிட்டி லிஸ்ட்ல இப்பதான் எம் பேரு மேல ஏறியிருக்குது. ஒரு நாள் பாஸ் இல்லாமப் போனா சர்வீஸ் அறுந்துடும். மறுபடியும் மொதல்லருந்து எண்ணணும். பர்மனென்ட்ட மறந்துட வேண்டியதுதான்.”

“அதுக்குள்ள அத்தைய யாராவது கேள்வி கேட்டா?”

“யாரு கேக்கப் போறா? இத்தினி நாளு யாராவது கேட்டாங்களா?”

கூழைக் குடிக்காமலே உள்ளே போய்ச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துவிட்டான். இன்றைக்கு ஷிப்ட் மாறுகிறது. நாளைக் காலை ஆறு மணிக்குத்தான் அவனுக்கு வேலை. ஆனாலும் தூங்கியிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இசைப்பிரியாவுக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. அவன் சொன்ன கணக்கில் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு வேதனை. இருந்தாலும் பத்தே முக்காலுக்குப் புடவையை மாற்றிக்கொண்டு, பில் புத்தகத்தையும் தீர்மான நோட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பின்னாலேயே சின்னம்மாளும் நடந்தாள்.

கொட்டகையில் கூட்டம் என்றால் நாற்காலி போட்டு, மாலை போட்டு இல்லை. கீழே சாக்கை விரித்து, நடுவில் இருபது கிலோ வெங்காயத்தைக் கொட்டி, உரித்துக்கொண்டே பேசுவதுதான் வழக்கம். இசைப்பிரியா மட்டும் நோட்டோடு உட்கார்ந்தாள்.

“ஆர்டர் நோட்டுல ஏறாம அடுப்பு பத்த வைக்கக் கூடாது. வாயில சொல்லிட்டுப் போனா செல்லாது. யாரு, என்னைக்கு, எத்தன சாப்பாடு, எல்லாம் எழுதணும்.”

“அது சரிதான்” என்றாள் பட்டம்மாள். “போன மாசம் ஒருத்தன் எண்பது சொல்லிட்டு அறுபதுதான் சொன்னேன்னு சாதிச்சான். இருபது சாப்பாட்ட நாமளே தின்னோம்.”

“சாப்பாட்ட எறக்கனதும் அங்கியே எண்ணிக் காட்டி அவங்க கையெழுத்து வாங்கணும். அன்னைக்கே பில்லு. அதையும் நம்ப ஆளுதான் எழுதணும். எழுதி, தலைவிக்குப் படிச்சுக் காட்டி, அப்பறந்தான் தலைவி கையெழுத்து. கூடவே செயலாளர் கையெழுத்து.”

“எல்லாருக்கும் பில்லா?” என்று இழுத்தாள் விஜயகுமாரி. “எந்தம்பி புள்ளைக்கு அடுத்த வாரம் காதுகுத்து. அவனுக்குமா?”

“அவனுக்குந்தான்.”

“அடி ஆத்தி! தம்பிக்கே பில்லு குடுத்தா எம் பொறந்த வூட்டுல என்னைக் காறித் துப்பிடுவாங்களே!”

“பில்லு இல்லாமக் குடுத்தா நாங்க பதினோரு பேரும் துப்புவோம். எது தேவல?” என்று பட்டம்மாள் கேட்க, கொட்டகையே சிரித்தது. வெங்காயக் கண்ணீரோடு விஜயகுமாரியும் சேர்ந்து சிரித்தாள்.

“தப்பா எழுதிட்டா தாளக் கிழிக்கக் கூடாது. குறுக்கக் கோடு போட்டு புத்தகத்துலயே உட்டுடணும். ஒண்ணுலருந்து நூறு வரைக்கும் எல்லாத் தாளோட நகலும் நம்பகிட்ட இருக்கணும். கடசியா ஒண்ணு.” இசைப்பிரியா நோட்டின் பக்கத்தைப் புரட்டினாள். “எழுதாத பில்லு யாருக்கும் கிடையாது. எவ்ளோ பெரிய ஆளு கேட்டாலும் கிடையாது.”

அதைச் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

கருணாகரன் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். அவர் எப்போதும் சிரித்த முகம்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

“என்னம்மா, மாநாடா? நல்லது, நல்லது. சின்னம்மா, போன தடவை மாதிரி ஒரு பத்து பில் கொடுங்க. சித்திரை விழா வருதில்ல?”

எல்லாக் கைகளும் வெங்காயத்தோடு நின்றன.

“எத்தன சாப்பாடு சார், என்ன தேதி? சொல்லுங்க, ஆர்டர் நோட்டுல ஏத்திக்கிறன். சாப்பாடு எறக்கற அன்னைக்கு நானே பில்லு எழுதித் தர்றன்” என்றாள் இசைப்பிரியா.

“அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா. இப்ப தாளைக் கொடு.”

“எழுதாத தாளக் குடுக்கறதில்ல சார். இப்பதான் முடிவு பண்ணோம். அப்பறம் அந்தப் பழைய பத்து தாளையும் திருப்பிக் குடுத்துடுங்க.”

சிரிப்பு மாறவில்லை. ஆனால் அவர் இசைப்பிரியாவை விட்டுவிட்டுச் சின்னம்மாள் பக்கம் திரும்பினார். “கார்முகிலுக்கு இந்த மாசம்தானே பாஸ் முடியுது? அசோக் சொன்னான். நல்ல பையன். நான்தான் அவன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், பார்த்து முதல்ல எழுதிக் கொடுன்னு.”

இவ்வளவுதான் சொன்னார். இதில் மிரட்டல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவனின் முதுகு இசைப்பிரியாவின் கண் முன்னே வந்தது. ‘குடுத்துத் தொலைச்சிடலாமா? பத்துத் தாள்தானே?’ என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைத்துவிட்டாள். நினைத்ததற்காக அவள் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“முடியாது சார்” என்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

அப்போதுதான் கருணாகரனின் சிரிப்பு போனது. “ஏளா, நான் ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ. இந்த டவுன்ஷிப்பில சாப்பாடு போடுறதுக்கு ஆளா இல்ல? நாளைக்கே வேற ஆளைப் பார்த்துக்கிடுதேன். பிறகு வந்து நின்னு அழக்கூடாது!” கோபம் வந்தால் அவருக்குச் சொந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு பேரும் சின்னம்மாளையே பார்த்தார்கள். பிள்ளை அவளுடையது. யார் என்ன சொல்ல முடியும்?

சின்னம்மாள் மடியிலிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“தீர்மானத்த நான் முன்மொழியறன். எழுது.”

இசைப்பிரியா எழுதினாள். தேதி 16-3-2015 என்று போட்டாள்.

“இன்னொரு தாள் எடு. நாப்பத்தொண்ணுலருந்து அம்பது வரைக்கும் அந்தப் பத்து பில்லும் எழுதாமக் குடுத்தது, அதுல என்ன எழுதியிருந்தாலும் சங்கத்துக்குச் சம்பந்தம் இல்லன்னு எழுது. மன்றத்துக்குக் குடுக்கணும். சாயங்காலம் நானே எடுத்துகினு போறன்.”

இப்போது தயங்கியது இசைப்பிரியாதான். “அத்தை, தாள் குடுக்க மாட்டோம்னதோட நிறுத்திக்கலாம். இது மன்றத்துக்குப் போனா... மாமா பாஸு...”

“எம் புள்ள பர்மனென்ட் ஆவணும்னு உன்னவிட எனக்கு ஆச இல்லையா?” சின்னம்மாளின் கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் இறங்கவில்லை. “அதுக்காக எம் பேர எடுத்து அவரு சட்டப்பையில வெச்சிகினு திரியணுமா? கையெழுத்து போடக் கத்துக்குடுத்தாங்க. எப்ப போடக் கூடாதுன்னு ஒருத்தனும் கத்துக்குடுக்கல. இன்னைக்குத் தெரிஞ்சிகினன். எழுது!”

எழுதி முடித்துப் பேனாவை நீட்டினாள். சின்னம்மாள் வாங்கவில்லை.

“படி மொதல்ல. முழுசா படி.”

இசைப்பிரியா படித்தாள். சின்னம்மாள் ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடியும் படிக்கச் சொன்னாள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, பில் புத்தகத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த முப்பத்தேழு தாளிலும், அவற்றின் நகல் தாளிலும் சேர்த்து, அவள் கையாலேயே குறுக்குக் கோடு இழுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து போட்டதை அழிக்க அரை மணி நேரம் ஆனது. பட்டம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமியாரும் மருமகளும் மன்றத்துக்குப் போனார்கள். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சாப்பாட்டு அண்டா இல்லாமல் இந்தப் பெண்கள் அந்த வாசலில் ஏறியது அதுதான் முதல் தடவை.

மன்றத்தின் கணக்குகளைச் சரிபார்க்கும் பொறுப்பு இந்த வருஷம் புவனாவுக்கு. ஈரோட்டுக்காரி, கணவருக்குப் பவர் ஹவுஸில் வேலை. கடிதத்தைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். போய் பீரோவைத் திறந்து ஒரு ஃபைலோடு வந்தாள்.

“நாப்பத்து நாலு. இருக்குதுங்க பாருங்க. பொங்கல் விழா, முந்நூத்தி இருபது சாப்பாடு. நீங்க எத்தனை கொடுத்தீங்க?”

“நூத்தி நாப்பது” என்றாள் சின்னம்மாள். “மன்றத்துல இருக்கறதே நாப்பது குடும்பந்தாங்களே. முந்நூத்தி இருபது பேரு எங்கருந்து வந்தாங்க?”

கேரம் காய்களின் சத்தம் நின்றுவிட்டது.

“ஞாயித்துக்கிழமை பொதுக்குழுவில இதை நான் கேக்கப் போறேனுங்க. நீங்க வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுவீங்களா?”

“ஏன் சொல்ல மாட்டன்? பன்னண்டு பேரயும் கூட்டிகினு வர்றன்.”

கருணாகரன் மூலையில்தான் இருந்தார். செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதை இசைப்பிரியா பார்த்துவிட்டாள். யாருக்குப் பேசப் போகிறார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்தபோது கார்முகில் வாசலில் உட்கார்ந்திருந்தான். காலனியில் சேதி அவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது.

“எல்லாம் முடிச்சிட்டீங்களா?” என்றான். “எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலல்ல?”

“கேட்டா வேணாம்னுதான சொல்லுவ” என்றாள் சின்னம்மாள். “முந்நூத்தி இருபதுன்னு எழுதி வெச்சிருக்காருடா. எங் கையெழுத்துக்கு மேல.”

கார்முகில் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கையிலிருந்த செல்போன் அடித்தது. அசோக்குமார்.

இசைப்பிரியா அவன் முகத்தையே பார்த்தாள்.

“சொல்லுங்க சார்... ஆமா சார், காலைல ஆறு மணி ஷிப்ட்டுதான்... ஏன் சார்?... பாஸ் முப்பத்தொண்ணு வரைக்கும் இருக்குதே சார்...”

நெடுநேரம் கேட்டுக்கொண்டேயிருந்தான். ஒருமுறை இசைப்பிரியாவைப் பார்த்தான், ஒருமுறை அம்மாவைப் பார்த்தான்.

“அப்ப ஒண்ணு பண்ணுங்க சார். நாளையிலருந்து வராதன்னு எழுதிக் குடுத்துடுங்க. என்ன காரணம்னு எழுதி, தேதி போட்டு, அடியில நீங்க கையெழுத்து போட்டுக் குடுங்க... வாயில சொன்னா நான் எப்பிடி சார் நிக்கறது? எட்டு வருசம் சார். எழுத்துல இல்லாம நான் ஒரு நாள்கூட பிரேக் உட மாட்டன். காலைல ஆறு மணிக்கு கேட்டுல இருப்பன்.”

போனை வைத்தான். இசைப்பிரியா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவே பார்த்தால்தான் என்ன?

“என்னாடா சொல்றான்?” என்றாள் சின்னம்மாள்.

“எழுதிக் குடுக்க மாட்டானாம். வந்தா கேட்டுலயே நிறுத்திடுவானாம். ‘தனியா வந்து நின்னு என்னத்தக் கிழிக்கப் போற’ன்னு கேக்கறாம்மா.”

சின்னம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

“ஏ பட்டம்மா! விஜயா! வெளிய வாங்கடி எல்லாரும்!” காலனியின் கடைசி வீடு வரைக்கும் அந்தக் குரல் கேட்டது. “நாளைக்கு சங்கத்துக்கு லீவு. அஞ்சரைக்கெல்லாம் கெளம்பி நிக்கணும்.”

“எங்கக்கா போறோம்?”

“மைன்ஸ் கேட்டுக்கு!”